என்ன மைக் வச்சிருக்கீங்க?

பாடுகிறவள் என்று தெரிந்ததும் இப்போதெல்லாம் யாரும் "யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று கேட்பதில்லை. "என்ன மைக் வச்சிருக்கீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். அடுத்த கேள்வி, "இன்டர்ஃபேஸ்?" அதற்கடுத்தது, "எதுல ரெக்கார்ட் பண்றீங்க, லாஜிக்கா, கியூபேஸா?" போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த பையன் இந்த மூன்றையும் வரிசையாகக் கேட்டான். இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். நன்றாகப் பாடுவான் என்று அவன் அம்மா சொன்னார். அவன் பாடிக் காட்டவில்லை. ஃபோனை எடுத்து ஒரு பட்டியலைக் காட்டினான். இருபத்து மூன்று பொருள்கள், கடைசியில் கூட்டல் தொகை ஒன்றே முக்கால் லட்சம். "இதெல்லாம் வாங்கிட்டா ஆரம்பிச்சிடலாம்ல அக்கா?"

பாயசம் வந்துவிட்டது, பேச்சு அறுந்துவிட்டது. அவனுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வீட்டு ஸ்டூடியோ பற்றி நமக்கு ஒரு கதை சொல்லப்படுகிறது. இனி யாரையும் நம்பி இருக்க வேண்டாம், ஒரு மைக்கும் லேப்டாப்பும் போதும், இசை ஜனநாயகமாகிவிட்டது என்று. இந்தக் கதை பாதி உண்மை. மீதிப் பாதியில் பாடகர்களின் காசும் தூக்கமும் காதும் கரைந்துகொண்டிருக்கின்றன. ஆறு வருஷமாக வளசரவாக்கத்தில் ஒரு வாடகை வீட்டின் பத்துக்குப் பத்து அறையில் டிராக் பாடிப் பிழைக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். அந்த அறை எனக்குச் சோறு போடுகிறது. அதனாலேயே அதைப் பற்றிப் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதலில் மைக். நானும் முதலில் வாங்கியது பெரிய டயாஃபிரம் கண்டென்சர்தான். எல்லாப் பட்டியலிலும் அதுதான் முதல் வரி. படங்களில் பாடகர்கள் கண்ணை மூடிக்கொண்டு முன்னால் நிற்பார்களே, அந்த மாதிரி. வாங்கி, 48 வோல்ட் கொடுத்து, பாடி, கேட்டேன். என் குரல் வந்தது. கூடவே மேல்மாடி குக்கர் விசில், தண்ணி லாரி, "பழைய இரும்பு, பிளாஸ்டிக், பேப்பர்" ஒலிபெருக்கி, காக்கா, ஃபேன், எல்லாம் வந்தன. அதையெல்லாம் தாண்டி ஒரு குடத்துக்குள் தலையை விட்டுப் பாடுகிற மாதிரி ஒரு சத்தம். மைக் சரியில்லை என்று நினைத்தேன். இன்னும் நல்ல மைக் பார்க்க ஆரம்பித்தேன். எட்டு மாதம் இப்படிப் போனது.

மைக் மிகச் சரியாக இருந்தது. அது கேட்டதை நேர்மையாகச் சொன்னது. சரியில்லாதது அறை. நம் ஊர் அடுக்குமாடி வீடுகளை நினைத்துப் பாருங்கள். கீழே வழவழவென்று டைல்ஸ், நான்கு பக்கமும் சிமென்ட் சுவர், மேலே கான்கிரீட். ஒலி போய் மோதித் திரும்ப இதைவிடத் தோதான பெட்டி கிடையாது. வாயிலிருந்து நேராக மைக்குக்குப் போகிற குரலும், சுவரில் மோதிச் சில மில்லி நொடி தாமதமாக வருகிற அதே குரலும் ஒன்றோடொன்று கலக்கும்போது சில அதிர்வெண்கள் கூடும், சில அழியும். அந்தக் குடச் சத்தம் இதுதான். எந்தக் கம்பெனி மைக் வைத்தாலும் இது போகாது. விலை அதிகமான மைக் வைத்தால் இன்னும் தெளிவாகப் பதிவாகும், அவ்வளவுதான்.

பட்டியல் போடுகிறவர்கள் இதற்கும் ஒரு பொருள் வைத்திருக்கிறார்கள். ஒரு அங்குல கறுப்பு ஃபோம், முட்டைத் தட்டு மாதிரி. சுவர் முழுக்க ஒட்டினால் வீடியோவில் அழகாக இருக்கும். ஆனால் 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட 3.4 மீட்டர். அந்த நீளத்தை ஒரு அங்குலப் பஞ்சு ஒன்றும் செய்யாது. மேல் அதிர்வெண்களை மட்டும் தின்றுவிட்டு அடிப்பகுதியை அப்படியே விட்டுவிடும். குரலின் மினுக்கு போய் குடம் மட்டும் மிஞ்சும். நான் ஒட்டினேன், பிறகு பிய்த்தேன். பிய்த்த இடத்தில் பெயின்ட்டும் வந்துவிட்டது. வீட்டுக்காரர் அட்வான்ஸில் கழிப்பேன் என்று சொல்லியிருக்கிறார்.

இன்னொரு கணக்கு. ரோட் கம்பெனியின் என்டி1 மைக்கின் சொந்த இரைச்சல் வெறும் 4.5 டெசிபல் என்று விளம்பரம் செய்கிறார்கள். உண்மையான, பெருமைப்படத்தக்க எண். என் அறையில் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, ராத்திரி பத்து மணிக்கு ஃபோன் செயலியில் அளந்தால் நாற்பதுக்குப் பக்கத்தில் காட்டுகிறது. நாற்பது டெசிபல் அறையில் நாலரை டெசிபல் மைக்குக்குக் காசு கொடுப்பது, கொட்டும் மழையில் நின்றுகொண்டு தண்ணீர் புகாத பேனா வாங்குவது மாதிரி.

சரி, "அப்ப நீங்க என்னதான் வச்சிருக்கீங்க?" என்று கேட்பீர்கள். மறைக்க ஒன்றுமில்லை, சொல்கிறேன்.

மைக், ஷூர் எஸ்எம்58. 1966இல் வந்த மேடை மைக். நம்மூர் லைட் மியூசிக் மேடைகளில் அதையோ அதன் நகலையோ எல்லோரும் பார்த்திருப்பீர்கள். டைனமிக் மைக் என்பதால் தூரத்தில் நடப்பதை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. நான்கு விரல் தூரத்தில் வைத்துப் பாடினால் என் குரல் முன்னால் வரும், தண்ணி லாரி பின்னால் போகும். தூரத்தைப் பாதியாக்கினால் நேரடிக் குரல் கிட்டத்தட்ட 6 டெசிபல் கூடும். ரொம்பக் கிட்டப் போனால் அடிக்குரல் ஊதிக்கொள்ளும், அதைப் பழகிக்கொள்ள வேண்டும். "மேடை மைக்ல பாட்டு ரெக்கார்ட் பண்ணலாமா?" என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒரு தகவல். மைக்கேல் ஜாக்சனின் 1982 'திரில்லர்' ஆல்பத்தில் புரூஸ் ஸ்வீடியன் பெரும்பாலான முன்னணிக் குரலுக்குப் பயன்படுத்தியது எஸ்எம்7 என்ற டைனமிக் மைக். வானொலி அறிவிப்பாளர்களுக்கு எனப் பெயர்பெற்ற மைக் அது. கண்டென்சர்கள் நிறைந்த ஸ்டூடியோவில் உட்கார்ந்துகொண்டுதான் அவர் அதை எடுத்தார்.

இன்டர்ஃபேஸ், ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2. இதில் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு பொத்தான்தான். டைரக்ட் மானிட்டர். குரல் கம்ப்யூட்டருக்குள் போய்ச் சுற்றி வராமல் நேராகக் காதுக்கு வரும். கம்ப்யூட்டர் வழியாகக் கேட்டால் பஃபர் 512 என்று வைத்திருக்கும்போது 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு வழிக்கே பத்து மில்லி நொடிக்கு மேல் ஆகும். போக, வர என்று சேர்ந்தால் தாளம் கையை விட்டுப் போவது உடம்புக்குத் தெரியும். நிறையப் பேர் "எனக்கு ஸ்டூடியோல பாடினா டைமிங் வர்றதில்ல" என்று தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். அந்தப் பொத்தானை அமுக்கிப் பார்த்துவிட்டுத் திட்டிக்கொள்ளலாம்.

மென்பொருள், ரீப்பர். அறுபது நாள் பூட்டு எதுவும் இல்லாமல் முழுசாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், சொந்த உபயோகத்துக்கான உரிமம் 60 டாலர். அதுவும் முடியாதென்றால் அடாசிட்டி இலவசம், மேக் வைத்திருந்தால் கராஜ்பேண்ட் கூடவே வரும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல். இதற்கு மேல் குரலைப் பதிவு செய்ய எந்த ரகசியமும் கிடையாது. ஹெட்ஃபோன், காதை முழுக்க மூடுகிற ரகம், இல்லாவிட்டால் உள்ளே ஓடும் பாட்டு கசிந்து மைக்கில் ஏறும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பாடுவேன். வீட்டில் எர்த் சரியில்லை, செருகினால் ஒரு "ம்ம்ம்" வரும்.

கடைசியாக, என் பட்டியலில் முதலிடத்தில் இருக்க வேண்டியவை. பாட்டி வீட்டிலிருந்து கொண்டுவந்த இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகள். ஒன்று முதுகுக்குப் பின்னால், ஒன்று இடது பக்கம். ஏன் முதுகுக்குப் பின்னால்? மைக் என் முகத்தைப் பார்க்கிறது. அது பார்க்கிற திசையில் எனக்குப் பின்னால் இருக்கும் சுவரிலிருந்து வருவதுதான் அதன் வாயில் நேராக விழும். மைக்குக்குப் பின்னால் மாட்டும் வளைந்த ஃபோம் தகட்டை விற்கிறார்களே, அதைவிட இந்த மெத்தை எனக்குப் பல மடங்கு வேலை செய்திருக்கிறது. அப்புறம் நேரம். ராத்திரி இரண்டு முதல் நாலரை. மே மாதத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு இரண்டு மெத்தைக்கு நடுவில் நின்று காதல் பாட்டுப் பாடிப் பாருங்கள். இந்த இரண்டரை மணி நேரத்தை எந்தப் பட்டியலும் போடாது, அதை யாராலும் விற்க முடியாது.

இவ்வளவும் பொருள் பற்றிய சண்டை. இதோடு நின்றிருந்தால் கட்டுரை எழுதியிருக்க மாட்டேன், பையனுக்கு ஒரு மெசேஜ் அனுப்பியிருப்பேன். பெரிய பொய் வேறு இடத்தில் இருக்கிறது.

"பில்லி ஐலிஷ் பெட்ரூம்ல பண்ணினது, கிராமி வாங்கிடுச்சு." இதைக் கேட்காத வீட்டு ஸ்டூடியோக்காரர் உண்டா? உண்மைதான். 2019இல் வந்த அவருடைய முதல் ஆல்பம் லாஸ் ஏஞ்சலஸில் அவர்கள் வீட்டுப் படுக்கையறையில் உருவானது. ஆனால் அந்தப் படுக்கையறையில் அவர் தனியாக இல்லை. அண்ணன் ஃபினியஸ் இருந்தார். பில்லியோடு சேர்ந்து எழுதியதும், இசையமைத்ததும் பதிவு செய்ததும் அவர். அதற்குப் பிறகு மிக்ஸ் செய்ய ராப் கினெல்ஸ்கி, மாஸ்டரிங்குக்கு ஜான் கிரீன்ஹாம். படுக்கையறை என்ற வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற மூன்று பேரையும் அழித்துவிட்டார்கள், ஏனென்றால் மைக்கை விற்கலாம், அண்ணனை விற்க முடியாது.

நம் ஊர் உதாரணமும் அப்படித்தான். ஏ.ஆர். ரஹ்மான் 1989 வாக்கில் கோடம்பாக்கத்தில் தன் வீட்டுப் பின்பக்கத்தில் தொடங்கியதுதான் பஞ்சதன் ரெக்கார்ட் இன். 1992இல் 'ரோஜா' வந்தபோது தமிழ்நாடே அந்த ஒலியைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தது. வீட்டு ஸ்டூடியோ என்ற சொல் இங்கே புழக்கத்துக்கு வரும் முன்னரே நடந்த வீட்டு ஸ்டூடியோ அதிசயம். ஆனால் அங்கே போய்ப் பாடிய பாடகருக்கு முன்னால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காதுகள் இருந்தன. ஹெச். ஸ்ரீதர் போன்ற ஒலிப்பொறியாளர்கள் ரஹ்மானுடைய பாடல்களுக்குப் பின்னால் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள்.

இன்னும் பின்னால் போனால் 1902. கல்கத்தாவில் ஒரு ஹோட்டல் அறையைத் தற்காலிக ஸ்டூடியோவாக்கி கௌஹர் ஜானைப் பதிவு செய்தார் ஃபிரெட் கெய்ஸ்பெர்க். மைக்கே கிடையாது, கொம்புதான். அந்தக் கொம்புக் காலத்தில் மேல் ஸ்தாயி வந்தால் பாடகர் பின்னால் நகர வேண்டும், கீழே இறங்கினால் முன்னால் வர வேண்டும். அதைச் சொல்வதற்கும் கை காட்டுவதற்கும் ஒரு ஆள் பக்கத்தில் நிற்பார். கருவி எவ்வளவு மோசமாக இருந்த காலத்திலும் அந்த ஆள் இருந்தார். கருவி அற்புதமாகிவிட்ட இந்தக் காலத்தில்தான் அவரைக் காணோம்.

பதிவு அறையில் "இன்னொன்னு போலாம்மா" என்று சொல்கிறவர் செய்வது சின்ன வேலை கிடையாது. எந்த வரி செத்துக் கிடக்கிறது, எங்கே நான் வார்த்தையை விழுங்கினேன், எது சுருதி சுத்தமாக இருந்தும் பொய்யாக இருக்கிறது என்று பாடுகிறவளுக்குத் தெரியாது. பாடும்போது மண்டையோட்டு வழியாக என் குரலை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன், அது வேறு குரல். தனியாக அறையில் இருந்தால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். முதல் டேக்கிலேயே திருப்தி, அல்லது அறுபதாவது டேக்கிலும் அழுகை. நான் இரண்டையும் செய்திருக்கிறேன். அறுபதாவது டேக் ஒருபோதும் முதல் ஐந்தைவிட நன்றாக இருந்ததில்லை.

அடுத்தது காசு. முன்பு ஒரு பாட்டுப் பாடக் கூப்பிட்டால் ஸ்டூடியோ வாடகை தயாரிப்பாளருடையது, இன்ஜினியர் சம்பளம் அவருடையது, மைக், ஏசி, கரண்ட், காபி எல்லாம் அவருடையது. நான் தொண்டையைக் கொண்டுபோனால் போதும். இப்போது ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸப்பில் ஒரு எம்பி3 வரும். "மேடம், காலைல எட்டு மணிக்குள்ள வேணும். டிரை ஃபைல் மட்டும் போதும்." அந்த "மட்டும் போதும்" என்பதில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு நாள் நேரம் குறித்தேன். மெத்தையை நிறுத்தி, செட் செய்து, குரலைத் தயார் செய்ய முக்கால் மணி. பாடியது நாற்பது நிமிஷம். டேக்குகளைக் கேட்டு நல்ல வரிகளைப் பொறுக்கி ஒட்ட ஒன்றரை மணி. மூச்சுச் சத்தம், உதட்டுச் சத்தம், தூரத்து நாய் ஆகியவற்றை எடுக்க ஒரு மணி. பெயர் வைத்து, ஏற்றி அனுப்ப கால் மணி. பாடகிக்கான வேலை நாற்பது நிமிஷம், மற்றதெல்லாம் இன்ஜினியர் வேலை. சம்பளம் பாடகிக்கு மட்டும், அதுவும் முன்பு ஸ்டூடியோவுக்குப் போய்ப் பாடியபோது கொடுத்த அதே தொகை.

அனுப்பிய பிறகு ஆரம்பிக்கும். "சூப்பர் மேடம், கொஞ்சம் எனர்ஜி ஜாஸ்தியா ஒரு டேக்." பிறகு, "எனர்ஜி ஓகே, கொஞ்சம் ப்ரெத்தியா." பிறகு, "லிரிக்ல ஒரு வார்த்தை மாறிடுச்சு மேடம், ஸாரி." ஸ்டூடியோ வாடகை மணிக்கு இவ்வளவு என்று மீட்டர் ஓடிக்கொண்டிருந்தபோது யாரும் இப்படி ஏழு முறை கேட்டதில்லை. கேட்டால் அவர்கள் காசு போகும். என் அறையில் மீட்டர் இல்லை. இல்லையென்று அவர்கள் நினைக்கிறார்கள். ஆறு வருஷத்தில் இந்த அறைக்கு நான் போட்டது எழுபத்தெட்டாயிரம், அது போக ஒரு அறை கூடுதலாக உள்ள வீட்டுக்கு மாசா மாசம் கொடுக்கும் வாடகை. ஜனநாயகம் என்றார்கள். செலவு மட்டும்தான் பரவலாக்கப்பட்டிருக்கிறது.

இங்கே எனக்கு நானே ஒரு எதிர்க்கேள்வி போட்டுக்கொள்ள வேண்டும். அப்ப பழைய காலம் நல்லா இருந்துச்சா? இல்லை. யாரைக் கூப்பிடுவது என்பதைச் சில பேர் மட்டும் முடிவு செய்த காலம் அது. சாயந்தரம் ஆறு மணிக்கு வரச் சொல்லிவிட்டு ராத்திரி ஒரு மணிக்கு உள்ளே கூப்பிடுவார்கள். அந்த ஏழு மணி நேரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், தெரியாத ஆண்களுக்கு நடுவே, பாத்ரூம் எங்கே என்று கேட்கக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்த பெண்களில் நானும் ஒருத்தி. இரண்டு மணிக்கு ஆட்டோ பிடித்து, அப்பா வாசலிலேயே நிற்பார் என்று தெரிந்து, வழி முழுக்க ஃபோனில் பேசிக்கொண்டே வருவேன். என் கதவை நானே உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பாட முடிகிறது என்பதை நான் எந்த விலைக்கும் திருப்பிக் கொடுக்க மாட்டேன். குழந்தை தூங்கும் நேரம் பார்த்துப் பாடும் தோழிகள் இருக்கிறார்கள், ஊரை விட்டு வர முடியாமல் தென்காசியிலிருந்தும் திருவாரூரிலிருந்தும் பாடி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கதவு திறந்தது பெரிய விஷயம். கதவு திறந்ததற்காகக் கூலியைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று யார் சொன்னது? பாதுகாப்பு ஒரு சலுகையா, அதற்கு நாங்கள் வாடகை கட்ட வேண்டுமா?

இனி எனக்கு ரொம்ப வலித்த விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பக்தி ஆல்பத்துக்கு ஒரு பாட்டு. மெதுவான நடை, தோடியின் சாயல். அந்த ராகத்தின் காந்தாரத்தை எனக்குச் சொல்லிக் கொடுக்க என் டீச்சர் ஒரு வருஷம் எடுத்துக்கொண்டார். தோடியில் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது. கீழே ரிஷபத்தின் பக்கத்தையும் மேலே மத்தியமத்தின் பக்கத்தையும் தொட்டுத் தொட்டு ஆடும். அந்த ஆட்டம்தான் காந்தாரம், ஆட்டத்தை எடுத்துவிட்டால் அங்கே சுவரம் கிடையாது. நாலு ராத்திரி பாடினேன். அனுப்பினேன். "செம மேடம்" என்று பதில் வந்தது. வெளியான அன்று எல்லோரோடும் சேர்ந்துதான் நானும் கேட்டேன். காந்தாரம் வருகிற இடமெல்லாம் படிக்கட்டு. ரி, க, ம என்று தனித்தனியாக, வழவழப்பாக, ஆணி அடித்த மாதிரி. யாரோ சுருதி திருத்தும் மென்பொருளை வேகமான அமைப்பில் வைத்து மொத்தப் பாட்டையும் உள்ளே தள்ளியிருக்கிறார்கள். மறுநாள் காலை டீச்சர் ஃபோன் செய்தார். எழுபத்தி நாலு வயது. "ஏன்டி, காந்தாரத்தை எங்க விட்டே?" என்று கேட்டார். "நான் பாடினேன் டீச்சர், அவங்க எடுத்துட்டாங்க" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "பாடினதை எடுக்க முடியுமா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

முடியும் டீச்சர். 1997இலிருந்து முடியும். ஆண்டி ஹில்டெப்ராண்ட் என்பவர் பூமிக்கடியில் எண்ணெய் தேடுவதற்காக அதிர்வலைகளை அலசும் கணக்குகளில் வேலை செய்தவர். அதே வகைக் கணிதத்தைக் குரலுக்குத் திருப்பி ஆட்டோ-டியூனைக் கொண்டுவந்தார். அடுத்த வருஷமே ஷேர் பாடிய 'பிலீவ்' பாட்டில் அதை மறைக்காமல் ஒரு ஒலி விளையாட்டாகவே காட்டினார்கள், எனக்கு அந்தப் பாட்டுப் பிடிக்கும். பிறகு மெலோடைன் வந்தது, ஒவ்வொரு சுவரத்தையும் கையால் தனித்தனியே தொடலாம். இந்தக் கருவிகள் மீது எனக்குக் கோபம் இல்லை. ஜலதோஷத்தோடு பாடிய ஒரு வரியை நானே திருத்தி அனுப்பியிருக்கிறேன். வேகத்தைக் குறைத்து வைக்கலாம், கமகம் வருகிற இடங்களை விட்டுவிடச் சொல்லலாம், எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது.

ஆனால் யாருக்குப் பொறுமை இருக்கிறது? ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமத் துண்டாக வெட்டி, நூறு நூறு சென்ட்டாகப் பிரித்து, எந்தக் குரலையும் பக்கத்துத் துண்டில் கொண்டுபோய் உட்கார வைப்பதுதான் கையில் கிடைக்கும் முதல் அமைப்பு. பியானோவுக்கு அது வீடு. தோடியின் காந்தாரத்துக்கு அங்கே நாற்காலியே கிடையாது. இது கர்நாடக சங்கீதப் பெருமை பேசும் புலம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். தாலாட்டில் ஒரு கிழவி வரியின் முடிவில் குரலை வழிய விடுவாள், ஒப்பாரியில் சுருதி விலகுகிற இடத்தில்தான் அழுகை இருக்கும், கானாவில் எட்டாத சுவரத்தை எட்டிப் பிடிக்கிற அந்த விரிசல்தான் பாட்டு. இவை எல்லாம் மென்பொருளின் கண்ணுக்கு ஒரே மாதிரி, பிழை. அந்தப் பக்திப் பாட்டுக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார், "ஏஐ பாடின மாதிரி இருக்கு." எனக்குக் கோபம் வரவில்லை. சரியாகத்தான் கேட்டிருக்கிறார்.

ஏஐ என்றதும் அந்த டிரை ஃபைலுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. டிரை ஃபைல் என்றால் எதிரொலி, எஃபெக்ட், வாத்தியம் எதுவும் கலக்காத பச்சைக் குரல். முன்பு அது ஸ்டூடியோ டேப்பிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ கிடந்தது. இப்போது நானே அதைத் துடைத்து, சுத்தம் செய்து, லிங்க் போட்டு, முகம் பார்க்காதவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். ஒரு குரலை நகலெடுக்க ஒரு இயந்திரத்துக்கு என்ன வேண்டும்? இதே சுத்தமான பச்சைக் குரல்தான். ஆறு வருஷத்தில் நான் அனுப்பிய கோப்புகள் எங்கெங்கே இருக்கின்றன என்று எனக்கே கணக்கில்லை.

2024இல் 'லால் சலாம்' படத்தில் மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவர் குரலையும் செயற்கை நுண்ணறிவால் ரஹ்மான் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாக வெளிப்படையாகச் சொன்னார். கேட்டுச் செய்தார் என்பது முக்கியம். அதே வருஷம் அரிஜித் சிங் தன் குரலை நகலெடுப்பவர்களுக்கு எதிராக பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலப் பாதுகாப்பு வாங்கினார். அரிஜித் சிங்கால் போக முடியும். டிராக் பாடுகிறவள் எந்தக் கோர்ட்டுக்குப் போவாள், தன் குரல் என்று எதைக் காட்டுவாள்? வெளியான பாட்டில் பல சமயம் அவள் பெயரே இருக்காது. பாட்டு வணிகமாகப் பயன்படும்போது பாடியவருக்கும் ராயல்டியில் உரிமை உண்டு என்று 2012ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத் திருத்தம் சொல்கிறது. அதை வசூலிக்க 2013இல் பாடகர்கள் சங்கமும் அமைத்தார்கள். அந்த உரிமையைக் கேட்பதற்கு நான்தான் பாடினேன் என்று முதலில் ஒரு தாள் வேண்டும். வாட்ஸப்பில் "செம மேடம்" என்று வந்தது தாள் ஆகுமா?

அதனால் இப்போது நான் ஒரு வேலை செய்கிறேன். ராத்திரி பதினொரு மணி மெசேஜுக்கு ஒரே பதிலை ஒட்டி அனுப்புகிறேன். பாடுவதற்கு இவ்வளவு, பதிவுக்கும் எடிட்டிங்குக்கும் தனியாக இவ்வளவு. இரண்டு திருத்தம் வரை இலவசம், மூன்றாவதிலிருந்து காசு. சுருதி திருத்தினால் வெளியிடும் முன் எனக்குக் காட்ட வேண்டும். இந்தப் பாட்டைத் தவிர வேறு எதற்கும், குரல் நகல் எடுக்கவோ பயிற்சி கொடுக்கவோ, இந்தக் கோப்பைப் பயன்படுத்தக் கூடாது. "ஓகே" என்று எழுத்தில் பதில் வந்த பிறகுதான் மெத்தையை நிமிர்த்துவேன். இதனால் போன வருஷம் நாலு வேலை போனது. அதில் இரண்டை எனக்குத் தெரிந்த பெண்களே பாதிக் காசுக்குப் பாடினார்கள். அவர்கள் மேல் வருத்தமில்லை, நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் நாம் பத்துப் பேர் இதே பதிலை ஒட்டினால் அது நிபந்தனை ஆகிவிடும், ஒருத்தி மட்டும் ஒட்டினால் திமிர் என்பார்கள். இதைப் படிக்கிறவர்களில் பாடி அனுப்புகிறவர்கள் இருந்தால், அந்த நாலு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். என் பெயர் வேண்டாம்.

அந்தப் பையனுக்கு என் பதில் இதுதான். தம்பி, பட்டியலை வைத்துக்கொள், அழிக்க வேண்டாம். முதலில் பரணில் பழைய மெத்தை இருக்கிறதா என்று பார். காதை மூடும் ஒரு ஹெட்ஃபோன் வாங்கு. மேடை மைக் ஒன்று, சின்ன இன்டர்ஃபேஸ் ஒன்று. முப்பதாயிரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். மீதிக் காசில் பாட்டுக் கற்றுக்கொள். அப்புறம் உன் பாட்டைக் கேட்டு, முகத்துக்கு நேராக, "இது சரியில்ல" என்று சொல்லக்கூடிய ஒரு ஆளைக் கண்டுபிடி. அது ரொம்பக் கஷ்டம், விலைக்குக் கிடைக்காது.

அவன் அம்மாவிடம் நம்பர் வாங்கி இதில் பாதியைப் போன வாரம் அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. நேற்று ஒரு வாய்ஸ் நோட் வந்தது. வெறும் ஃபோனில் பாடியது, பின்னால் மிக்ஸி ஓடுகிறது. நல்ல குரல். இரண்டாவது வரியில் மேல் ஷட்ஜமத்தில் கொஞ்சம் இறங்கிவிடுகிறான். அதைச் சொன்னேன்.

"எந்த இடத்துல அக்கா?" என்று கேட்டிருக்கிறான்.